பர்கண்டிச் சரிவில் டெர்வார்: சிவப்பு ஒயினின் வழியே நிலத்தை அறியத் தொடங்குவோருக்கு

பிரான்சின் உயர்தரச் சிவப்பு ஒயின்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலிலேயே டெர்வார் என்னும் சொல்லை எதிர்கொள்கிறார்கள். ஒரு திராட்சைத் தோட்டத்தின் மண், அதற்கு அடியிலுள்ள பாறை, நிலத்தின் சரிவு, அது நோக்கும் திசை, கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம், அங்கு பெய்யும் மழை, வீசும் காற்று, அந்த நிலத்தைப் பல தலைமுறைகளாகப் பண்படுத்தி வந்தவர்களின் வழக்கங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்து பழத்தில் உண்டாக்கும் தன்மையையே அச்சொல் குறிக்கிறது. இந்த விளக்கத்தைப் படித்துவிடுவது எளிது. ஆனால் கோப்பையில் இருக்கும் ஒயினில் எது நிலத்தால் வந்தது, எது திராட்சை வகையால் வந்தது, எது தயாரித்தவரின் கையால் வந்தது என்று பிரித்தறிவதற்கு ஒழுங்கான ஒரு வழிமுறை வேண்டும். அத்தகைய ஒரு வழிமுறையைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்படி: ஒரே பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்

போர்தோ, ரோன், பர்கண்டி என்று பல பகுதிகளின் புட்டிகளை மாற்றி மாற்றிச் சுவைத்தால், நிலம் மாறும்போதே திராட்சை வகையும் தயாரிப்பு முறையும் மாறிவிடுகின்றன. வேறுபாட்டுக்கு எது காரணம் என்று சொல்ல முடியாமற் போகிறது. எனவே மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் மாற்றிப் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் தொடங்குவதே சரி. அதற்குப் பர்கண்டியின் கோத் தோர் பகுதியை விடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன். டிஜோன் நகரின் தெற்கு விளிம்பிலிருந்து சாந்த்னே ஊர்வரை சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில நூறு மீட்டர் முதல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரை மட்டுமே அகலமுள்ள ஒரு மலைச்சரிவு அது. அதன் வடபாதியைக் கோத் த நுய் என்றும், தென்பாதியைக் கோத் த போன் என்றும் அழைக்கிறார்கள். அங்கு விளையும் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்கள் நடைமுறையில் பினோ நுவார் என்ற ஒரே திராட்சையிலிருந்து செய்யப்படுகின்றன.

இந்த ஒருமை தற்செயலாக வந்ததன்று. 1395இல் பர்கண்டியின் கோமகன் துணிவுமிக்க பிலிப், மிகுதியாகக் காய்க்கும் கமே வகையைப் பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார். அன்று தொடங்கி இச்சரிவின் சிறந்த இடங்களில் பினோவே வேரூன்றி நின்றது. பினோ நுவாரின் தோல் மெல்லியது. அதன் நிறமும் துவர்ப்பும் அளவானவை. கெபர்நே சோவிஞோன் போன்ற தடித்த தோலுடைய திராட்சை தன் குணத்தை எங்கும் முன்னிறுத்தும். பினோவோ நிலத்தின் சிறு மாற்றத்தையும் மறைக்காமல் காட்டிவிடும்.

போர்தோவுடன் ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடும் புலப்படும். அங்கு 1855இல் செய்யப்பட்ட புகழ்பெற்ற தரவரிசை, ஷாத்தோ எனப்படும் பண்ணை நிறுவனங்களை வரிசைப்படுத்தியது. பர்கண்டியில் தரம் நிலத்துக்கே வழங்கப்படுகிறது. உரிமையாளர் மாறினாலும் அந்தத் துண்டு நிலத்தின் தகுதி மாறாது. கிளிமா எனப்படும், எல்லையும் பெயரும் கொண்ட இத்தகைய நிலத்துண்டுகள் 1,247ஐ உள்ளடக்கிய இந்தச் சரிவை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அடுத்து, சரிவைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

கோத் தோரின் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே சோன் ஆற்றுச் சமவெளி. மேற்கே காடு மூடிய மேட்டுநிலம். இரண்டுக்கும் இடையே கிழக்கு நோக்கிச் சாயும் திராட்சைச் சரிவு. சரிவின் அடிவாரத்தை ஒட்டி டி974 என்ற நெடுஞ்சாலை ஓடுகிறது. தொடக்கநிலையினர் மனத்தில் பதிக்க வேண்டிய முதல் கோடு இந்தச் சாலைதான். பெரும்பாலான ஊர்களில் சாலைக்குக் கீழே, அதாவது சமவெளிப் பக்கம், மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். அங்கு விளைவது பர்கண்டி என்ற பொதுப்பெயரில் விற்கப்படும். சாலையைத் தாண்டி மேலேறினால் ஊர்ப்பெயர் தாங்கிய ஒயின்களின் நிலம். இன்னும் ஏறினால், ஏறத்தாழ 250 முதல் 300 மீட்டர் உயரத்தில், சரிவின் நடுப்பகுதியில் பிரமியே க்ரூ, அதனினும் உயர்ந்த கிரான் க்ரூ என்ற உயர்தர நிலங்கள். அதற்கும் மேலே மண் மெலிந்து, குளிர் கூடி, மறுபடியும் தரம் ஒரு படி இறங்கும்.

நடுச்சரிவுக்கு ஏன் இந்தச் சிறப்பு? இப்பகுதி வட அட்சம் 47 பாகையில் இருக்கிறது. பினோ நுவார் அங்கு பழுப்பதே ஒரு போராட்டமாக இருந்த காலம் நெடியது. சாய்ந்து வரும் காலை வெயிலைக் கிழக்குச் சரிவு நேராக வாங்கிக்கொள்கிறது; இலைகளின் மேலிருக்கும் பனி சீக்கிரம் உலர்ந்துவிடுவதால் பூஞ்சை நோய்களின் தாக்குதல் குறைகிறது. மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களைப் பின்னாலுள்ள மேட்டுநிலம் ஓரளவு தடுத்துவிடுகிறது. இரவில் குளிர்காற்று கனத்துக் கீழே வழிந்து சமவெளியில் தேங்கும். ஏப்ரலில் துளிர்களைக் கருக்கும் உறைபனி பெரும்பாலும் அடிவாரத்தைத்தான் தாக்கும். உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 0.6 பாகை குறையும் என்பதால் சரிவின் உச்சியில் பழம் தாமதமாகப் பழுக்கும். இந்த இரு தொல்லைகளுக்கும் நடுவே அமைந்த மிதமான பட்டையே நடுச்சரிவு.

மண்ணைப் பற்றி: தண்ணீர்தான் திறவுகோல்

இந்தப் படியில் சற்று நின்று நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டெர்வார் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இங்குதான் பிறக்கின்றன. கோத் தோரின் அடியிலிருப்பவை ஜுராசிக் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லும், சுண்ணாம்பு கலந்த களிமண்ணும் ஆகும். பின்னர் சோன் சமவெளி தாழ்ந்து இறங்கியபோது இப்படிவுகள் பிளவுபட்டு, வெவ்வேறு வயதுடைய பாறை அடுக்குகள் சரிவில் படிப்படியாக வெளியே தெரியும்படி ஆயின. அதனால் சில நூறு மீட்டர் நடப்பதற்குள் காலடியில் உள்ள பாறை மாறிவிடுகிறது.

“சுண்ணாம்புக்கல்லின் சுவை ஒயினில் தெரிகிறது” என்று எழுதுபவர்கள் உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். வேர்கள் பாறையின் சுவையை உறிஞ்சுவதில்லை. நீரையும் அதில் கரைந்துள்ள சத்துகளையும்தான் அவை எடுத்துக்கொள்கின்றன. அப்படி ஒயின்வரை வந்துசேரும் தாது அளவு நாக்கு உணரக்கூடியதன்று. நாம் உணரும் மணமும் சுவையும் பழத்தின் தோலிலும் சாற்றிலும் உருவாகும் சேர்மங்களாலும், நொதித்தலின்போது ஈஸ்ட் செய்யும் மாற்றங்களாலும் வருபவை. மண் செய்யும் வேலை வேறு: அது கொடிக்கு எவ்வளவு தண்ணீரை, எப்போது, எவ்வளவு சீராகக் கொடுக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. போர்தோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழெரார் செகான் 1970களிலும் 1980களிலும் அப்பகுதியின் தோட்டங்களில் செய்த ஆய்வுகளும் இதையே காட்டின. ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட மண்வகைகளில் உயர்ந்த ஒயின் விளைந்தது. அவற்றுக்குப் பொதுவாக இருந்தது, மழை மிகுந்தால் விரைவில் வடித்துவிட்டு, வறண்டால் சிறிது சிறிதாக நீர் கொடுக்கும் திறன்.

வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையும் அதன்மேல் மெல்லியதாகப் பரவிய களிமண்ணும் இந்த வேலையை மிக நன்றாகச் செய்கின்றன. மழைநீர் வெடிப்புகள் வழியே இறங்கிவிடுகிறது; களிமண்ணும் நுண்துளைகள் கொண்ட கல்லும் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கின்றன; வேர்கள் வெடிப்புகளுக்குள் சில மீட்டர் ஆழம்வரை இறங்கி அதைத் தேடிக்கொள்கின்றன. ஜூலை இறுதியில், காய்கள் பச்சையிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறும் பருவத்துக்குச் சற்று முன், கொடிக்கு மிதமான தாகம் ஏற்பட்டால் அது புதிய தளிர்களை விடுவதை நிறுத்திக்கொள்கிறது. உருவாக்கும் சர்க்கரை பழத்துக்குத் திரும்புகிறது. காய்கள் சிறியதாக நின்றுவிடுவதால் சாற்றின் அளவோடு ஒப்பிடத் தோலின் பங்கு கூடுகிறது. நிறம், துவர்ப்பு, மணத்துக்கான பொருள்கள் ஆகியவை பெரும்பாலும் தோலில் இருப்பதால் ஒயின் செறிவு பெறுகிறது. அடிவாரத்தின் ஆழமான வண்டலில் இதே கொடி செப்டம்பர்வரை இலை விட்டுக்கொண்டே இருக்கும். காய் பெருத்துச் சாறு நீர்க்கும். தாகம் அளவு மீறினால் கொடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு பழுப்பதையே நிறுத்திவிடும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். எனவே வறண்ட நிலமே சிறந்த நிலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இதை ஒரே இடத்தில் கண்கூடாகப் பார்க்க விரும்பினால் க்ளோ த வூஜோ என்ற தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1098இல் நிறுவப்பட்ட சித்தோ மடத்தின் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் சிறிது சிறிதாக நிலம் சேர்த்து, மதில் கட்டி வளைத்த தோட்டம் அது. பரப்பு சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடத்திடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டு, பின்னர் பலரிடம் பிரிந்து, இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்களிடம் இருக்கிறது. மேல்மதிலருகே, முசினி தோட்டத்தின் எல்லையை ஒட்டி, மண் மெல்லியதாகவும் கல் நிறைந்ததாகவும் இருக்கிறது. நடுவில் களிமண் கூடுகிறது. கீழே நெடுஞ்சாலையை ஒட்டிய வரிசைகளில் மண் ஆழமாகி, மழைக்காலத்தில் நீர் தேங்கும் அளவுக்குக் கனத்துவிடுகிறது. மேலிருந்து கீழ்வரை அனைத்தும் சட்டப்படி கிரான் க்ரூதான். ஆனால் மேல்வரிசை ஒயினுக்கும் சாலையோர ஒயினுக்கும் உள்ள வேறுபாடு, பல சமயம் இரண்டு தரநிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு நிகரானது. ஆகவே க்ளோ த வூஜோ புட்டி வாங்கும் எவரும், அந்தத் தயாரிப்பாளரின் கொடிகள் மதிலுக்குள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊர்களுக்கிடையிலான வேறுபாடு

மேட்டுநிலத்தை ஆங்காங்கே குறுகிய பள்ளத்தாக்குகள் அறுத்துச் செல்கின்றன. கோம்ப் எனப்படும் இவை இரண்டு விதங்களில் ஒயினை மாற்றுகின்றன. ஒன்று, மேலேயுள்ள குளிர்காற்றை இரவில் தோட்டங்களுக்குள் கொண்டுவருகின்றன. மற்றொன்று, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லையும் சரளையையும் அடித்துவந்து தம் வாயிலில் விசிறி வடிவில் பரப்பியிருக்கின்றன. ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஊரில் லவோ என்ற பள்ளத்தாக்கு அவ்வாறு பரப்பிய சரளை சாலைக்கு அப்பாலும் நீள்வதால், மேலே சொன்ன சாலை விதி அங்கு தளர்கிறது. ஊர்ப்பெயர் தாங்கும் நிலம் சாலையைத் தாண்டிச் சமவெளிப் பக்கமும் செல்கிறது. வரைபடத்தில் ஒரு கோடு எதிர்பாராத இடத்தில் வளைந்தால் பெரும்பாலும் நிலத்திலேயே அதற்கொரு காரணம் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

தொடக்கத்தில் இரண்டு இணைகளைப் பழகினால் போதும். முதல் இணை ஜெவ்ரே-ஷாம்பெர்தானும் ஷாம்போல்-முசினியும். ஜெவ்ரேயில் களிமண் கூடுதல். ஒயினில் நிறம் ஆழ்ந்து, துவர்ப்பு ஈறுகளை உறுதியாகப் பற்றும். ஷாம்போலில் களிமண் குறைந்து சுண்ணாம்பு மேலோங்குகிறது. ஒயின் இலகுவாக, மணம் மிகுந்து, துவர்ப்பு பொடியைப்போல் மென்மையாகப் பரவும். இரண்டாம் இணை கோத் த போனில் அடுத்தடுத்துள்ள பொமாரும் வொல்னேயும். பொமாரின் மண்ணில் களிமண்ணும் இரும்பும் மிகுதி. ருஜியான் என்ற அதன் புகழ்பெற்ற பிரமியே க்ரூவின் மண் செம்மை படர்ந்தது. அவ்வூர் ஒயின் இளமையில் முரடாக இருக்கும். எல்லையைத் தாண்டி வொல்னேக்குள் நுழைந்தால் மண் இலேசாகி, ஒயினும் நயமாகிறது. இவை பொதுப்போக்குகள்; ஒவ்வொரு புட்டியும் இவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில்லை.

வோன்-ரொமானேயைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வூருக்கு மேலே, நடுச்சரிவில் 1.8 ஹெக்டேர் பரப்புள்ள ரொமானே-கோன்தி இருக்கிறது. அதற்கு மேலே செங்குத்தான லா ரொமானே, கீழே மண் ஆழமாகும் ரொமானே-சான்-விவான், வடக்கே ரிஷ்பூர், தெற்கே ஒடுங்கிய லா கிராந்த் ரூ. சில நிமிடங்களில் சுற்றி நடந்துவிடக்கூடிய தூரத்துக்குள் ஐந்து கிரான் க்ரூக்கள். இவற்றின் விலை பெரும்பாலோருக்கு எட்டாதது. ஆனால் அவற்றின் எல்லைகளை வரைபடத்தில் பார்ப்பதற்குச் செலவில்லை. சரிவு, மண் ஆழம் ஆகிய இரண்டையும் பற்றிக் கற்க அதைவிடத் தெளிவான படம் கிடைப்பது அரிது.

லேபிளைப் படிக்கும் முறை

பர்கண்டி ஒயின்களுக்கு நான்கு நிலைகள் உள்ளன: பகுதிப்பெயர், ஊர்ப்பெயர், ஊர்ப்பெயருடன் பிரமியே க்ரூ, கிரான் க்ரூ. பெயர் எவ்வளவு சிறிய நிலத்தைச் சுட்டுகிறதோ அவ்வளவு உயர்ந்த நிலை. மொத்த விளைச்சலில் கிரான் க்ரூ சுமார் 1 விழுக்காடு மட்டுமே. இங்கு ஒரு பொறி இருக்கிறது. 1847இல் ஜெவ்ரே ஊர் தன் தலைசிறந்த தோட்டமான ஷாம்பெர்தானின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிற ஊர்களும் அதைப் பின்பற்றின. எனவே “ஜெவ்ரே-ஷாம்பெர்தான்” என்றால் ஊர் ஒயின். “ஷாம்பெர்தான்” என்று மட்டும் இருந்தால் கிரான் க்ரூ. “ஷாம்போல்-முசினி”க்கும் “முசினி”க்கும் இதே கணக்குத்தான்.

நிலத்தையும் கையையும் பிரித்தறிதல்

நிலம் கொடுத்ததைத் தயாரிப்பாளர் காக்கலாம், மாற்றலாம், மறைத்தும் விடலாம். பினோவைக் காம்போடு நொதிக்க வைப்பவர்கள் உண்டு. காம்பை முற்றிலும் நீக்குபவர்களும் உண்டு. மோரே-சான்-தெனி ஊரின் துஜாக் பண்ணை முதல் வகைக்கும், 2006இல் மறைந்த வோன்-ரொமானேயின் ஆன்ரி ஜையே இரண்டாம் வகைக்கும் பெயர்பெற்றவை. காம்பு சேர்ந்தால் ஒயினில் ஒருவித மூலிகை மணமும் வேறுவகைத் துவர்ப்பும் வரும். அதை மண்ணின் குணம் என்று எண்ணிவிடக் கூடாது. 228 லிட்டர் கொள்ளும் புதிய ஓக் பீப்பாய் தரும் வெண்ணிலா மணமும் அவ்வாறே.

அதே ஜையேதான் க்ரோ பராந்து என்ற, போர்க்காலத்தில் கிழங்கு பயிரிடப்பட்டுக் கைவிடப்பட்ட மேட்டுத் துண்டில் வெடிவைத்துப் பாறையைப் பிளந்து கொடி நட்டு, அதை உலகப் புகழ்பெறச் செய்தவர். நிலத்தின் தகுதி வெளிப்படுவதற்கு ஒரு மனிதர் அதன்மீது நம்பிக்கை வைத்து உழைக்க வேண்டியிருந்தது என்பதை டெர்வார் பற்றிப் பேசுபவர்கள் மறந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டும் ஒரு காரணிதான். போன் நகரில் 1354 முதல் அறுவடைத் தேதிகள் பதிவாகியுள்ளன. 1987வரை சராசரி அறுவடை செப்டம்பர் 28 அளவில் தொடங்கியது, 1988க்குப் பின் அது சராசரியாக 13 நாள்கள் முந்திவிட்டது. இதனால் முன்னர் குளிரானவை என்று ஒதுக்கப்பட்ட மேட்டுநிலத் தோட்டங்கள் இப்போது நன்கு பழுத்த பழத்தைத் தருகின்றன. ஓத்-கோத் த நுய் என்ற, சரிவுக்குப் பின்னாலுள்ள உயர்ந்த பகுதியின் ஒயின்களைப் புதியவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

சுவைத்துப் பார்க்கும் படி

ஒரே தயாரிப்பாளரின், ஒரே ஆண்டின், இரண்டு அல்லது மூன்று புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கலாம். முதல் முறை ஏறுவரிசையில் செல்லுங்கள்: பகுதி ஒயின், ஊர் ஒயின், பிரமியே க்ரூ. அடுத்த முறை பக்கவாட்டில்: ஒரே நிலையிலுள்ள ஜெவ்ரேயும் ஷாம்போலும். விலை உறுத்தினால் மர்சனே, ஃபிசான் ஆகிய வடக்கு ஊர்களை ஓத்-கோத் த நுய்யுடன் ஒப்பிடலாம்.

சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே குடிக்க வேண்டும் என்ற அறிவுரை ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளுக்கு உரியது. வெப்ப நாட்டில் இருப்பவர்கள் புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 15 பாகை அளவுக்குக் கொண்டுவந்த பிறகே திறக்க வேண்டும். 25 பாகையில் சாராய நெடி மேலெழுந்து நுட்பங்கள் அனைத்தையும் மூடிவிடும். வயிறு அகன்று வாய் குறுகிய கோப்பைகளில், ஒவ்வொன்றிலும் 50 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றுங்கள். எது எந்தக் கோப்பையில் இருக்கிறது என்பதை ஒருவர் மட்டும் அறிந்திருக்கட்டும். சுவைத்தபின் உமிழ்வதற்கு ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வது பர்கண்டியின் நிலவறைகளில் அன்றாட வழக்கம். அதில் கூச்சத்துக்கு இடமில்லை.

பழங்களின் பெயர்ப்பட்டியல் எழுதுவதில் தொடக்கநிலையினர் நேரத்தைச் செலவிட வேண்டாம். செர்ரி, ராஸ்பெரி ஆகியவை பினோ நுவாரின் பொதுக்குணங்கள். ஏறத்தாழ எல்லாக் கோப்பைகளிலும் அவை இருக்கும். நிலத்தின் வேறுபாடு பெரும்பாலும் அமைப்பில் தெரியும். துவர்ப்பு எங்கே பற்றுகிறது, ஈறுகளிலா, நாவின் நடுவிலா? அது மணலாக உரசுகிறதா, மாவாகப் படிகிறதா? புளிப்பு நாவின் ஓரங்களில் வெட்டென்று நிற்கிறதா, சுவையோடு கலந்து நீள்கிறதா? விழுங்கியோ உமிழ்ந்தோ முடித்த பின் எத்தனை நொடிகள் சுவை தங்குகிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு வரி எழுதுங்கள். பின்னர் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடியும் சுவையுங்கள். மூடியிருந்த பிரமியே க்ரூ திறந்துகொள்ளவும், முதலில் கவர்ந்த பகுதி ஒயின் தளரவும் அப்போதுதான் காண்பீர்கள்.

வாய்ப்புள்ளவர்கள் நேரில் சென்று நடந்து பார்க்கலாம். டிஜோனிலிருந்து போன் நகருக்குச் செல்லும் உள்ளூர் ரயில் ஜெவ்ரே, வூஜோ, நுய்-சான்-ஜோர்ஜ் ஆகிய இடங்களில் நிற்கிறது. இலை உதிர்ந்த நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே மண்ணைப் பார்க்கச் சிறந்தது. பந்தலில் படரும் கொடிகளை அங்கு காண முடியாது. ஹெக்டேருக்குப் பத்தாயிரம் என்ற நெருக்கத்தில், கம்பிகளில் கட்டப்பட்ட இடுப்பளவுக் கொடிகள்தான் வரிசை வரிசையாக நிற்கும். வரிசைகளுக்குள் நுழையாமல் பொதுப்பாதையிலேயே நடந்து, நெடுஞ்சாலையிலிருந்து காட்டு விளிம்புவரை ஏறுங்கள். ஒவ்வொரு குறுக்குப்பாதையிலும் நின்று கல்லின் அளவையும் மண்ணின் நிறத்தையும் குறித்துக்கொண்டு, அன்று மாலையே அந்தந்த உயரத்தில் விளைந்த ஒயின்களை ஊரிலுள்ள சுவைக்கூடத்தில் கேட்டு வாங்கிச் சுவைத்துப் பாருங்கள்.